ரீலோடிங் பிரஸ் மக்கர் பண்ணினால்: புதுப் பாகம் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ரீலோடிங் பிரஸ் என்பது சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளை உறையை (கேஸ்) எடுத்து, புது பிரைமர், வெடிமருந்து (பவுடர்), குண்டு (புல்லட்) வைத்து மறுபடி தோட்டாவாக்கும் இயந்திரம். அதன் கைப்பிடி வழக்கத்தைவிட இறுகலாக இருந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். அழுத்திப் பார்ப்போம், போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் முகத்துக்கு ஓரடி தூரத்தில் ஒரு குழாய்க்குள் நூறு பிரைமர், அதாவது அடிபட்டால் வெடித்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடிகள், அடுக்கடுக்காக நிற்கிறது, ஒன்று நசுங்கி வெடித்தால் மீதியும் சேர்ந்து வெடிக்க வழி இருக்கிறது. அந்தக் குழாயைச் சுற்றி உற்பத்தியாளர்கள் இரும்புக் கவசம் போடுவது இதற்காகத்தான். அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் பிரஸ் பக்கம் போகவே வேண்டாம்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். வார இறுதியில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்கத் துப்பாக்கி சுடும் போட்டி அமைப்பு) போட்டிகளில் 9 மி.மீ. பிஸ்டல் சுடுகிறேன். அதற்கான தோட்டாக்களை கராஜில் டில்லன் கம்பெனியின் ஆர்.எல். 550 பிரஸ்ஸில் நானே ரீலோட் செய்கிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை, விற்றால் தேவை. இந்தியாவில் கதை வேறு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இது சட்டம் அனுமதிக்கும் இடத்தில், ஏற்கெனவே பிரஸ் வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி. எந்த பவுடர் எவ்வளவு என்ற கணக்கு இதில் இருக்காது. அதற்கு பவுடர் கம்பெனியும் புல்லட் கம்பெனியும் வெளியிடும் லோட் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கோளாறு தெரியும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு

ப்ரோக்ரசிவ் பிரஸ்ஸில் ஒரு தடவை கைப்பிடியை இழுத்தால் எல்லா ஸ்டேஷனிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கிறது. 550-இல் நான்கு ஸ்டேஷன். முதலாவதில் பழைய பிரைமர் வெளியே தள்ளப்பட்டு, கேஸ் பழைய அளவுக்குச் சுருக்கப்படுகிறது. கைப்பிடியை மேலே கொண்டுவந்து முன்னால் தள்ளும்போது அதே இடத்தில் புது பிரைமர் ஏறுகிறது. இரண்டாவதில் கேஸின் வாய் லேசாக விரிந்து பவுடர் விழுகிறது. மூன்றாவதில் புல்லட் இறங்குகிறது, நான்காவதில் கிரிம்ப், அதாவது விரிந்த வாயை மூடுவது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும், கேஸ்களைப் பிடித்திருக்கும் வட்டத் தகடான ஷெல்பிளேட்டை நாம்தான் கையால் திருப்ப வேண்டும். எக்ஸ்.எல். 650, 750, ஹார்னடியின் லாக்-என்-லோட் ஏ.பி. போன்றவற்றில் ஐந்து ஸ்டேஷன், பிளேட் தானாகத் திரும்பும்.

எல்லா வேலையும் ஒரே கைப்பிடியில் கட்டப்பட்டிருப்பதால், முதல் ஸ்டேஷனில் கேஸ் இறுகினால் அந்த அதிர்ச்சியில் மூன்றாவது ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய கேஸிலிருந்து பவுடர் சிந்தும். நீங்கள் பவுடரை அளந்து போடும் பவுடர் மெஷரைப் பழி சொல்லிக்கொண்டிருப்பீர்கள், உண்மையான குற்றவாளி லூப் (வழுக்கும் எண்ணெய்) போடாத கேஸாக இருக்கும். ஆகவே பழுது பார்ப்பதில் முதல் கேள்வி "எந்தப் பாகம் கெட்டது?" என்பதல்ல, "நேற்று ஓடியதற்கும் இன்று ஓடாததற்கும் நடுவில் என்ன மாறியது?" என்பதுதான். கேஸ் மாறியதா, புது பிரைமர் பெட்டியா, டைகள் (கேஸை வடிவமைக்கும் அச்சுகள்) மாட்டியிருக்கும் டூல்ஹெட்டைக் கழற்றி மாட்டினீர்களா? இதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கட்டம்: காலி செய்து, துடைத்து, ஒரே ஒரு கேஸ்

எந்தக் கோளாறாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். பிரைமர் குழாயைக் கழற்றி பிரைமர்களை ஒரு தட்டில் கொட்டி மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். பவுடரை அதன் சொந்த டப்பாவுக்கே திருப்பி ஊற்றுங்கள், மேசையில் இரண்டு டப்பா இருந்தால் ஊற்றும் முன் லேபிளை இரண்டு தடவை படியுங்கள். ஷெல்பிளேட்டில் பாதியில் நிற்கும் கேஸ்களை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் சுத்தம். ஷெல்பிளேட்டைக் கழற்றி அதன் அடிப்பகுதி, குழாயிலிருந்து பிரைமரைக் கேஸுக்கு எடுத்துப்போகும் பிரைமர் ஸ்லைடு ஓடும் தடம், பழைய பிரைமர் விழும் சறுக்கு எல்லாவற்றையும் காட்டன் பட்ஸில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உலர விடுங்கள். ஷெல்பிளேட்டை மேலே தூக்கும் தண்டான ராமுக்கும் பிவட் பின்களுக்கும் கிரீஸ் வேண்டும். ஆனால் பிரைமர் ஸ்லைடின் தடத்தில் எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம், அது கரியைப் பிடித்துப் பசையாக்கும், பிரைமரில் பட்டால் பிரைமரே செத்துப்போகும். பிரைமர் கரியில் ஈயம் உண்டு என்பதால் கையுறை நல்லது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

ஷெல்பிளேட்டைத் திரும்ப மாட்டும்போது பலர் தவறுகிற இடம் நடு போல்ட். பிளேட் அசையாத அளவுக்கு அதை இறுக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்து, பிளேட் தடையில்லாமல் சுற்ற வேண்டும் ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது என்ற புள்ளியில் நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் சின்ன லாக் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அந்த ஸ்க்ரூவை மறந்தால் இருநூறு தோட்டாவுக்குள் போல்ட் தானாகத் தளர்ந்துவிடும், அதற்குப் பிறகு வரும் சாய்ந்த பிரைமர், ஏறி இறங்கும் நீளம் எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

இப்போது பிரைமரும் பவுடரும் இல்லாமல் ஒரே ஒரு கேஸை முதல் ஸ்டேஷனில் வைத்து, ஒவ்வொரு ஸ்டேஷனாக மெதுவாக நடத்துங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெளியே எடுத்துப் பாருங்கள். எங்கே உரசுகிறது, எங்கே இறுகுகிறது என்பதைக் கை சொல்லிவிடும். ஐந்து நிமிட வேலைதான், இதைச் செய்யாமல் டை எதையும் தொடாதீர்கள்.

பிரைமர் தகராறு

ப்ரோக்ரசிவ் பிரஸ்ஸில் வருகிற தொல்லைகளில் பெரும் பங்கு இங்கேதான், எனவே இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

*ஸ்லைடு திக்குகிறது, பிரைமர் வருவதில்லை அல்லது விட்டு விட்டு வருகிறது.* என் பிரஸ்ஸில் ஒரு சமயம் பத்துக்கு ஒரு கேஸ் பிரைமர் இல்லாமல் வந்தது. ஸ்பிரிங் மாற்றினேன், ஸ்லைடையே மாற்றினேன், குணமாகவில்லை. கடைசியில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், ஸ்லைடின் தடத்தின் கடைசி முனையில், மூன்று கால் பரப்பிக்கொண்டு ஒரு பித்தளைத் துணுக்கு கிடந்தது. பழைய பிரைமரிலிருந்து கழன்று விழுந்த அன்வில் அது, மிளகைவிடச் சின்னது. ஸ்லைடு முழுசாகப் பின்னே போகாமல் ஒரு நூலிழை முன்னாலேயே நின்றிருக்கிறது, குழாயிலிருந்து பிரைமர் விழ வேண்டிய ஓட்டை அதனால் நேராக அமையவில்லை. பல் குத்தும் குச்சியால் எடுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு முந்நூறு தோட்டாவுக்கும் அந்த முனையைத் துடைத்துவிடுகிறேன்.

தடம் சுத்தமாக இருந்தும் திக்கினால், குழாயின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் முனையைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தாலோ விரிந்திருந்தாலோ பிரைமர் சாய்ந்து மாட்டும், சில சமயம் கவிழ்ந்தும் விழும். மலிவான பாகம், நான்கைந்து வாங்கி டிராயரில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

*பிரைமர் ஏற மறுக்கிறது.* இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, ராணுவக் கேஸ். வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை இருந்தால் பெரும்பாலும் பிரைமர் குழியின் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள், அந்த விளிம்பை ஸ்வேஜ் கருவியால் தள்ளிவிடாமல் புது பிரைமர் போகாது. இரண்டு, அளவு. ஸ்மால் பிஸ்டல் பிரைமர் 0.175 அங்குலம், லார்ஜ் 0.210. 9 மி.மீ.-க்கு இந்தக் குழப்பம் இல்லை, ஆனால் .45 ஏ.சி.பி. கேஸ்கள் இரண்டு அளவிலும் வருகின்றன. லார்ஜ் பிரைமரை ஸ்மால் குழிக்குள் தள்ள முயல்வதுதான் பிரைமர் வெடிக்கும் வழிகளில் மிகச் சுலபமானது. கேஸ்களை முன்கூட்டியே பிரித்து வையுங்கள், வேறு மருந்து இல்லை.

மூன்றாவது காரணம் கொஞ்சம் மறைவானது. டீகேப்பிங் ஊசி பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு மேலே வரும்போது, அந்தப் பிரைமரை ஊசி முனையிலேயே ஒட்டவைத்துத் திரும்பக் குழிக்குள் இழுத்துவந்துவிடும். நீங்கள் புதுசை ஏற்றப் பார்க்கிறீர்கள், உள்ளே பழசு உட்கார்ந்திருக்கிறது. கை இங்கே "இது வேற" என்று சொல்லும், கேளுங்கள். ஊசி முனையை மெல்லிய உப்புத்தாளில் உருட்டி வழவழப்பாக்கினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் பிரைமரைச் சுண்டிவிடும் ஸ்பிரிங் வைத்த ஊசி தனியாகக் கிடைக்கிறது, உங்கள் டைக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள்.

*பிரைமர் ஏறுகிறது, ஆனால் உயர்ந்து நிற்கிறது.* கேஸின் அடிமட்டத்தைவிட சுமார் 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். அளவெடுக்கக் கூடத் தேவையில்லை, விரல் நுனியால் தடவினால் பள்ளம் தெரிய வேண்டும், கண்ணாடிப் பலகையில் நிறுத்தினால் ஆடக் கூடாது. உயர்ந்து நிற்கும் பிரைமர் துப்பாக்கியில் முதல் அடிக்கு வெடிக்காமல் இரண்டாவது அடிக்கு வெடிக்கும், ஏனென்றால் முதல் அடி அதை உள்ளே உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஷெல்பிளேட் போல்ட் தளர்வு, அல்லது கைப்பிடியை முன்னால் தள்ளும்போது நாம் காட்டும் அவசரம். பிரஸ்ஸைப் பொருத்திய மேசை ஆடினாலும் இதே விளைவுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

பவுடர்: இங்கே அலட்சியம் கூடவே கூடாது

கையால் பிளேட்டைத் திருப்பும் பிரஸ்ஸில் உள்ள பெரிய ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இழுத்தீர்கள், பவுடர் விழுந்தது, போன் அடித்தது, திரும்பி வந்து பிளேட்டைச் சுற்ற மறந்து மறுபடி இழுத்தீர்கள் என்றால் அதே கேஸில் இரண்டு மடங்கு பவுடர். 9 மி.மீ.-இன் உச்ச அழுத்தமே ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு என்று வைத்திருக்கிறார்கள், இரண்டு மடங்கு பவுடர் போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். அதனால் வேலை எந்தக் காரணத்துக்காக நின்றாலும், திரும்பி வரும்போது இரண்டாவது, மூன்றாவது ஸ்டேஷனில் இருப்பதை எடுத்துக் கொட்டிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம், கொட்டுங்கள். கேஸில் பாதிக்கு மேல் நிரம்பும் பருமனான பவுடரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மடங்கு விழுந்தால் வழிந்து தெரிந்துவிடும். நான் பவுடர் வாங்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான், விலையை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன்.

இனி எடை ஏறி இறங்குவது. பவுடர் மெஷரின் மேலே இருக்கும் ஹாப்பரை (பவுடர் கொட்டி வைக்கும் குடுவை) நிரப்பியதும் பவுடர் படிந்து அடங்க நேரம் வேண்டும், முதல் பத்துப் பதினைந்து தடவை விழுவதைத் திரும்ப ஹாப்பரிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு பத்து தடவை தனித்தனியாக எடை போடுங்கள். பத்தையும் சேர்த்து எடை போட்டுப் பத்தால் வகுப்பது சராசரியைத்தான் காட்டும், ஒன்று குறைந்து ஒன்று கூடியிருந்தால் அது மறைந்துபோகும். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம்தான், அதில் பத்தில் ஒரு பங்கைப் பார்க்கிறோம். எனவே தராசு மேல் மின்விசிறிக் காற்றோ ஏசி காற்றோ படக் கூடாது, டிஜிட்டல் தராசு என்றால் சூடேற கால் மணி நேரம் கொடுங்கள்.

அப்படியும் வித்தியாசம் ஒரு கிரெய்னில் பத்தில் இரண்டு பங்கைத் தாண்டினால், பவுடரை அளக்கும் பவுடர் பார் ஒவ்வொரு இழுப்பிலும் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். 550-இல் அதைத் திருப்பிக் கொண்டுவருவது ஃபெயில்-சேஃப் கம்பி, அதன் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் விங் நட்டும் இருக்கும். கைப்பிடி மேலே இருக்கும்போது ஸ்பிரிங் லேசாக அமுங்கியிருக்க வேண்டும். நட் தளர்ந்திருந்தால் பார் பாதியில் நிற்கும், அடுத்த கேஸுக்குக் குறைவாக விழும். குறைவாக விழுந்தால் புல்லட் துப்பாக்கிக் குழாயிலேயே மாட்டிக்கொள்ளும், அதற்குப் பின்னால் அடுத்த குண்டைச் சுட்டால் குழாய் போச்சு. சுடும்போது சத்தம் மெலிதாக வந்தால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழாயைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் சுடுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பவுடர் சிந்துவது தனிக் கதை. தண்ணீரில் ஸ்டீல் பின் போட்டுக் கழுவிய கேஸ்கள் கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் உள்ளே கரியே இல்லாததால் கேஸின் வாயை விரிக்கும் பவுடர் ஃபன்னலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, விடும்போது "டக்" என்று அதிரும். அந்த அதிர்வில் பவுடர் தெறிக்கும். ஃபன்னலை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்து, கேஸ்களுக்கு லேசாக லூப் தெளித்தால் கைப்பிடி வெண்ணெயில் ஓடுவது போல ஓடும். கடினமான கார்பைட் வளையம் வைத்த டைக்கு லூப் வேண்டாம் என்பார்கள், உண்மைதான், இருந்தாலும் தெளியுங்கள். கை வலியும் குறையும், தோட்டாவும் சீராக வரும்.

நீளமும் கிரிம்ப்பும்

டை அமைக்கும்போது எல்லோரும் ஒரு கேஸை வைத்து நீளம் சரிபார்ப்பார்கள், ஓட ஆரம்பித்ததும் நீளம் மாறிவிட்டதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஷெல்பிளேட் நிரம்பியிருக்கும்போது வரும் அழுத்தம் வேறு, டூல்ஹெட் மயிரிழை மேலே தூக்கும், தோட்டா கொஞ்சம் நீளமாக வரும். எனவே எல்லா ஸ்டேஷனிலும் கேஸ் இருக்கும்போதுதான் கடைசி அளவை வையுங்கள். 9 மி.மீ.-க்கு உச்ச நீளம் 1.169 அங்குலம், ஆனால் உங்கள் புல்லட்டுக்கு லோட் புத்தகம் சொல்லும் நீளத்தைத்தான் பின்பற்ற வேண்டும். புல்லட் அதிகமாக உள்ளே போனால் அழுத்தம் ஏறும்.

ஓட ஓட நீளம் குறைந்துகொண்டே வந்தால் புல்லட்டை இறக்கும் சீட்டிங் டையின் உள்ளே பாருங்கள், ஈயப் புல்லட்டின் லூப் மெழுகு அடைத்துக்கொண்டிருக்கும்.

9 மி.மீ. கிரிம்ப் என்பது இறுக்குவது அல்ல, இரண்டாவது ஸ்டேஷனில் விரித்த வாயை மூடுவது மட்டும்தான். வாயருகே காலிப்பரில் 0.378 முதல் 0.380 அங்குலம் வந்தால் போதும். துப்பாக்கியின் குழாயைக் கழற்றி, தோட்டாவை அதற்குள் போடுங்கள். "டொக்" என்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். அதன்பின் ஒரு பரிசோதனைத் தோட்டாவை, பிரைமரும் பவுடரும் இல்லாமல் செய்தது, மூக்கை மேசையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நீளம் குறைந்தால் கேஸ் புல்லட்டைப் பிடிக்கவில்லை. கிரிம்ப்பைக் கூட்டாதீர்கள், வாயை விரிப்பதைக் குறையுங்கள், கேஸைச் சுருக்கும் சைஸிங் டை போதுமான அளவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேம்படுத்துவது: என் வரிசை

மேலே உள்ளதெல்லாம் சரியாகி, பிரஸ் நூறு தோட்டாவுக்கு ஒரு தடவைகூட நிற்காமல் ஓடும்போதுதான் பர்ஸைத் திறக்கலாம்.

முதல் செலவு வெளிச்சம். டூல்ஹெட்டுக்கு அடியில் ஒட்டும் எல்.இ.டி. பட்டை ஒன்று, மூன்றாவது ஸ்டேஷனில் புல்லட் வைக்கும் முன் கேஸின் அடியில் பவுடர் தெரிய வேண்டும். சில நூறு ரூபாய் மதிப்புள்ள சாமான்தான், ஆனால் நான் வாங்கியதிலேயே இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

இரண்டாவது மேசை. பிரஸ் ஆடினால் பிரைமர் அழுத்தம் இழுப்புக்கு இழுப்பு மாறும், பவுடர் விழுவதும் மாறும். இரண்டு அங்குலக் கனத்தில் பலகை போட்டு, மேசையைச் சுவரின் கட்டைகளோடு போல்ட் போட்டு இணையுங்கள். உயரம் கூட்டும் இரும்பு மவுண்ட் போட்டால் நின்றுகொண்டே கேஸுக்குள் பார்க்கலாம், முதுகும் தப்பிக்கும்.

மூன்றாவது உருளும் கைப்பிடி. பந்து கைப்பிடி உள்ளங்கையை உரசும், உருளைக் கைப்பிடி கையோடு சுற்றும், ஐந்நூறு தோட்டா போடுகிற நாளில் வித்தியாசம் தெரியும்.

அதற்கு மேல் உங்கள் பிரஸ் எது என்பதைப் பொறுத்தது. தானாகத் திரும்பும் பிரஸ்களில் பிளேட் "சடக்" என்று வந்து நிற்கும்போது பவுடர் தெறிக்கும். ஷெல்பிளேட் போல்ட்டுக்கு அடியில் போடும் பேரிங் கிட் அந்த உதறலை நன்றாகவே குறைக்கிறது. ஐந்து ஸ்டேஷன் இருந்தால் பவுடர் செக் கருவி கட்டாயம் போடுங்கள், பவுடர் கூடினாலும் குறைந்தாலும் சத்தம் போடும். நான்கு ஸ்டேஷன் பிரஸ்ஸில் அதற்கு இடம் பிடிக்க சீட்டிங்கையும் கிரிம்ப்பையும் ஒரே டையில் சேர்க்க வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை, கண்ணும் விளக்கும் போதும் என்று விட்டுவிட்டேன்.

பவுடர் பாருக்கு மைக்ரோமீட்டர் திருகு நல்ல முதலீடு. போட்டியில் மைனர் பிரிவுக்குத் தேவையான குறைந்தபட்ச பவர் ஃபேக்டர் 125: புல்லட் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 147 கிரெய்ன் புல்லட் நொடிக்கு 870 அடி போனால் 127.9 வரும், பாஸ். பவுடர் கொஞ்சம் இறங்கினால் அந்த மூன்று புள்ளி எங்கே போகும் என்று தெரியாது. பழைய அமைப்புக்கு எண் பார்த்துத் திரும்ப முடிவது அங்கே உதவுகிறது, திரும்பிய பிறகும் எடை போட்டே ஆக வேண்டும்.

கேஸையும் புல்லட்டையும் தானாக எடுத்துக் கொடுக்கும் கேஸ் ஃபீடரும் புல்லட் ஃபீடரும் வேகம் தரும், அதே அளவு தொல்லையும் தரும். 9 மி.மீ.-ஐவிடக் குட்டையான .380 கேஸ் ஒன்று கலந்திருந்தாலும் நிற்கும். மோட்டார் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இவ்வளவு நேரம் "கை சொல்லும், கேளுங்கள்" என்று எழுதியிருக்கிறேன், மோட்டார் வந்ததும் அந்தக் கை போய்விடுகிறது.

எந்தப் பாகம் மாற்றினாலும் ஒரு தடவைக்கு ஒன்றுதான். மாற்றியதும் ஐம்பது தோட்டா போட்டு, அதில் பத்தை அளந்து, நோட்டில் தேதியோடு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த ஐம்பதையும் தனிப் பெட்டியில், பவுடர் பெயர், எடை, புல்லட், நீளம் எழுதிய சீட்டோடு வையுங்கள், ரேஞ்சில் சுட்டுப் பார்க்கும் வரை மற்றவற்றோடு கலக்க வேண்டாம்.